முதல் பழைய காரை இராமநாதபுரம் கடற்கரையில் வாங்குவதும் பேணுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நீளும் இந்தக் கரையில், பழைய கார் ஒன்றை ஆசைக்காக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 1968-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளாகக் கீழக்கரைக்கு அருகில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வைத்து ஓட்டிவருகிறேன். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் சொல்லும் அறிவுரைகளில் பாதி இங்கே பொருந்துவதில்லை. நம்முடைய காற்றும் வேறு, தண்ணீரும் வேறு.

எத்தனை வயதான காரைப் பழங்கார் என்று சொல்வது?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு வயதுடைய, தன் மூல வடிவத்தில் காக்கப்பட்ட வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. இந்திய அரசின் மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியையே விண்டேஜ் வண்டியாக ஏற்கிறது. பொழுதுபோக்குக்காக வாங்குகிறவருக்கு இந்த இரண்டு எண்களும் போதும். 1980-களின் பத்மினியை வாங்கினால் முதல் வரையறைக்குள் வருவீர்கள். அரசின் விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்.

முதல் வண்டியாக எதை வாங்கலாம்?

அம்பாசடர் அல்லது ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி. முதல் வண்டிக்கு இந்த இரண்டைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரான அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினின் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன; அதைப் பிரித்துப் பூட்டிய கைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பம்பாய் குர்லாவில் தயாரான பத்மினியின் 1089 சி.சி. என்ஜின் அதைவிடச் சிறியது, வண்டியும் எடை குறைந்தது. நெரிசலான தெருக்களில் ஓட்ட எளிது.

சென்னையில் 1961 முதல் பத்தாண்டு தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மீது பலருக்கு ஆசை உண்டு, எனக்கும் உண்டு. இத்தாலியர் மிக்கெலோத்தி வரைந்த அந்த வடிவத்தில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும்போது என்ஜின் முழுவதும் கண்முன் வந்துவிடும். வேலை கற்றுக்கொள்ள அதைவிட வசதியான கார் இல்லை. ஆனால் அதன் உதிரிபாகங்களைத் தேடி அலைவதே ஒரு தனி வேலையாகிவிடும் என்பதால் அது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். சரியாகக் காக்கப்பட்ட வண்டியின் கதவு இடைவெளியும் பெயிண்டின் ஆழமும் எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிட்டால், பிறகு எந்தத் தரகர் எதைச் சொன்னாலும் உங்கள் கண் ஏமாறாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

தகரத்தை. என்ஜின் ஓசையைக் கேட்டு மயங்கி வாங்குகிறவர்களே இந்தக் கரையில் அதிகம் ஏமாறுகிறார்கள். என்ஜினுக்கு பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கடையில் வாங்கலாம், சிலிண்டரை லேத் பட்டறையில் துளைத்துச் சரிசெய்யலாம். உளுத்துப்போன அடித்தளத்தைக் கடையில் வாங்க முடியாது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியான சேஸிஸ் கிடையாது. உடல் தகரமே வண்டியின் எலும்பும் ஆகும். ஆகவே தரையில் பிடித்த துரு அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, வண்டியைத் தாங்குகிற வலுவையே தின்கிறது.

நான் முதலில் வாங்கியது இந்த அம்பாசடர் அன்று. அதற்கு முன் ஒரு பத்மினியை வாங்கிப் பத்து மாதத்தில் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தேன். வெளியூர் விற்பனையாளர் ஒருவர் புதுப் பெயிண்ட் அடித்து, அடியில் கறுப்புத் தார்ப் பூச்சு பூசி நிறுத்தியிருந்தார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது, நானும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாதம் பஞ்சர் ஒட்டுவதற்காக ஜாக்கியை வைத்துத் தூக்கியபோது வண்டி மேலே எழவில்லை. ஜாக்கிதான் தகரத்துக்குள் ஏறியது. குனிந்து பார்த்தேன். தார்ப் பூச்சுக்கு மேலே பள்ளத்தை அடைக்கும் பசையான பட்டி, பட்டிக்கு மேலே செய்தித்தாள் உருண்டை, அதற்கும் மேலே அப்பளம்போல் நொறுங்கும் துரு.

ஆகவே, போகும்போது ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கதவின் கீழ் விளிம்பு, மட்கார்டின் வளைவு, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் அதை மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் காந்தம் கையை இழுக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் இழுப்பு சட்டென்று விட்டுப்போகும். அந்த வேறுபாட்டை விரல் உடனே உணரும். பிறகு தரை விரிப்பைத் தூக்கி ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்து அது கிடந்த பள்ளத்தைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். உயிருள்ள தகரம் கணீரென்றும் செத்த தகரம் பொத்தென்றும் ஒலிக்கும். அம்பாசடராக இருந்தால் இன்னொன்றும் அவசியம்: அதன் முன் சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கால் ஆனதன்று, டார்ஷன் பார் என்னும் நீளமான எஃகுத் தண்டுகளால் ஆனது. அந்தத் தண்டுகளின் பின்முனைகள் அடித்தளத்தின் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். அந்தச் சட்டம் துருப்பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

முடிந்தவரை உள்நாட்டு வண்டியாகத் தேடுங்கள். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்தில் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டு ஓடாமல் நின்ற வண்டி, பாம்பனில் நாள்தோறும் ஓடிய வண்டியைவிட நல்ல தகரத்தோடு இருக்கும்.

என்ஜின் ஓடாத வண்டியை வாங்கலாமா?

தகரமும் ஆவணமும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். என்ஜினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியைக் கையால் திருப்பும்போது அசைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். அசையவில்லை என்றால் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு மறுபடி திருப்ப வேண்டும். விற்பவர் அதற்கு ஒப்பாவிட்டால், என்ஜின் இறுகிவிட்டது என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் அம்பாசடர்கள் பலவற்றில் டாக்சி ஓட்டுவதற்காக டீசல் என்ஜினை மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் பதிவுச் சான்றில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றத்தின்போது நீங்களே அலைய நேரிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1985-இல்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. அதற்கு முன்பு பதிவான வண்டியின் மூலப் பதிவேடு இன்று எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய எண் கொண்ட வண்டி இணையத்தில் உள்ள பரிவாகன் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஏற்றப்படவில்லை என்றால், அதைச் செய்துகொடுப்பது விற்பவரின் பொறுப்பு என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றும் எல்லா வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். அண்ணன் கொடுத்துவிட்டார், தங்கைக்குத் தெரியாது என்ற நிலையில் வாங்கிய வண்டி கடைசியில் ஒரு குடும்பச் சண்டைக்கு நடுவில் நிற்கும்.

ஐம்பது வயது கடந்த வண்டிக்கான தனிப் பதிவு எப்படிப்பட்டது?

2021 விதியின்படி, மூல வடிவத்தில் காக்கப்பட்ட, சேஸிஸிலும் உடலிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதற்குத் தகுதியுடையவை. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அதற்குப் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிய பதிவுக்கு மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும் தனி எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு எடுத்துச் செல்லலாம். வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டாரோடு தேவிபட்டினம் போய்வர விரும்புகிறவர், வழக்கமான பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பித்துக்கொண்டு போவதே மேல். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்கிறார்களே?

அந்த அச்சம் டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கான உத்தரவுகளிலிருந்து பரவியது. தமிழ்நாட்டில் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி செலுத்தி, காப்பீட்டோடு ஓடும் தனியார் காரை வயதை மட்டும் காரணம் காட்டி எடுத்துக்கொள்வதில்லை.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

வண்டியின் விலைக்குச் சமமான தொகையை முதல் இரண்டு ஆண்டில் அதன் மீதே செலவிட வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் எழவே இல்லை. பெயிண்டைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் பிரேக், அடுத்து டயர், பிறகு மின்கம்பிகள், அதன் பிறகு ரேடியேட்டர் என்ற வரிசையில் போனால், ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி ஓட்டக்கூடிய நிலையில் இருக்கும், உற்சாகமும் குறையாது.

காரை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காமல் போனாலும் இதை மட்டும் படியுங்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும், இல்லையென்றால் சப்பையாக இருக்கும். அந்தத் தண்ணீரில் காரைக் கழுவுவது, கடற்காற்று ஒரு மாதத்தில் படியவைக்கும் உப்பை ஒரே காலையில் நாமே ஊற்றுவதற்குச் சமம். அம்பாசடர் வந்த முதல் கோடையில் மோட்டாரைப் போட்டுக் குழாயால் அடித்துக் கழுவினேன். வெயிலில் காய்ந்ததும் குரோமிய பம்பரில் வரிவரியாக வெள்ளைக் கோடு தெரிந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது. கண்ணுக்குத் தெரிந்த கோட்டைத் துணியால் துடைத்துவிடலாம். கதவின் உட்புறத்திலும் மட்கார்டு மடிப்பிலும் காய்ந்து நிற்கும் கோட்டை எந்தத் துணியும் எட்டாது.

கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஐப்பசியில் சமையலறை உப்புச் சாடி நசநசவென்று கசிவதற்கும் அதுவே காரணம். தகரத்தின் மடிப்பில் அதே உப்பு அமர்ந்துவிட்டால் மழை இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். துரு ஒரு நாளும் ஓயாமல் நடக்கும்.

எனவே நல்ல தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்காகவே நான் கொட்டகைக் கூரையில் தகடு வேய்ந்து, மழைநீரை இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். கார்த்திகையில் நிரம்புகிற தண்ணீர் பங்குனி வரை காருக்குப் போதும். கைத்தெளிப்பானும் மென்துணியும் இருந்தால் மேல்பகுதிக்கு ஒரு குடத்துக்குக் குறைவான தண்ணீரே போதுமானது; மிச்சத்தை அடிப்பகுதிக்குச் செலவிடுங்கள்.

கழுவிய பிறகு கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் நீர் வெளியேறுவதற்காக வைத்த துளைகள் அவை. மணலும் பஞ்சும் சேர்ந்து அடைத்திருக்கும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து ஒவ்வொன்றையும் குத்திவிடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் பெயிண்ட் பெயர்ந்து துரு அங்கேயே தொடங்கும்.

வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது?

கடலைப் பார்த்த பக்கம் சுவர், மற்ற பக்கங்களில் காற்றோட்டம், கீழே சிமெண்ட் தரை. மண்தரையின் மேல் நின்ற வண்டிக்கு இரவெல்லாம் அடியிலிருந்து ஈரம் ஏறும். மன்னார் வளைகுடாப் பக்கத்தில், அதாவது நம்மவர்கள் ஆண் கடல் என்று சொல்லும் தென்கரையில், வைகாசி முதல், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் உப்பையும் சேர்த்து அடிக்கும். பெண் கடலான பாக் நீரிணைப் பக்கத்தில் வாடைக் காலத்தில்தான் தொல்லை அதிகம். ஆகவே சுவர் எந்தத் திசையில் வேண்டும் என்பது நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் வண்டியை மூடாதீர்கள். பகலில் அதன் அடியில் வியர்க்கும் நீர் இரவில் தகரத்தின் மேல் படியும். பழைய பருத்திப் போர்வை போதும். அதையும் மாதம் ஒருமுறை துவைத்துப் போடுங்கள். தென்னங்கீற்றுக் கொட்டகை குளிர்ச்சிக்கு மிக நல்லது, ஆனால் எலிகள் குடியேறி மின்கம்பிகளைக் கடிக்கும்.

ஏற்கெனவே பிடித்த துருவுக்கு என்ன செய்வது?

மேலே பெயிண்ட் அடிப்பது தீர்வாகாது. கம்பித் தூரிகையால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றியைத் தடவி, நல்ல தண்ணீரால் துடைத்து உலரவிட்டு, துத்தநாகம் கலந்த பிரைமரை அன்றைக்கே அடிக்க வேண்டும். சுரண்டிய இரும்பை ஒரு இரவு திறந்து வைத்தால் காலையில் செம்பழுப்பாக இருக்கும். ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே சுரண்டுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதிய தகரத்தைப் பற்றவைக்க வேண்டும். அந்த இடத்தைப் பட்டியால் அடைத்துத் தரும் டிங்கரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிடும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. துருவை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ்களையும் பிரேக் குழாய்களையும் ஊதவைத்து அழிக்கும், வீட்டு மண்ணையும் கெடுக்கும். அதற்குப் பதிலாக, உட்குழிவான சட்டங்களுக்குள் அடிப்பதற்கென்றே விற்கும் மெழுகுப் பூச்சை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், மழைக்கு முன்பே அடித்துவிடுங்கள்.

கோடையில் என்ஜின் சூடேறி நின்றுவிடுகிறதே?

பெரும்பாலும் ரேடியேட்டரே காரணம். உப்புத் தண்ணீரையே பல ஆண்டு ஊற்றியதால் குழாய்களில் காறை கட்டியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரோடு கூலண்டைக் கலந்து நிரப்புங்கள். வழியில் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றாமல் இருப்பதற்கு டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள்.

ரேடியேட்டர் சரியாக இருந்தும் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது பிடிக்கவில்லை என்றால், என்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றும் சிறு பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் சரியாகிவிடும். பரமக்குடிச் சாலையில் சித்திரை வெயிலில் இந்த ஈரத்துணி என்னைப் பலமுறை வீடு சேர்த்திருக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?

கவனிக்காவிட்டால் கெடுக்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம், தக்கை கேஸ்கெட் ஆகியவற்றை உப்பவைத்து உளுக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் நீராகப் பிரிந்து நிற்கவும் கூடும். ஈரக் காற்று வீசும் நம் கரையில் இரண்டாவது தொல்லையே பெரிது. குழாய்களையும் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள், பம்புக்கு முன்னால் கண்ணாடி வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள், நிரப்பிய பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் ஓட்டி முடியுங்கள். வடிகட்டியின் அடியில் முத்துப்போல் உருளும் துளி தெரிந்தால் அது தண்ணீர்.

இந்தியா முழுவதும் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய என்ஜின்களில் வால்வுகள் வந்து அமரும் விளிம்புகளான வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தின் பாதுகாப்பை எதிர்பார்த்து அமைந்தவை. ஞாயிறுதோறும் நிதானமாக ஓட்டும் வண்டிக்கு அவசரம் இல்லை. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கும் நாள் வரும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் பதித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் டயரும் நம்பத்தக்கவையா?

பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். இன்றைய கார் நிற்கும் தூரத்தில் அது நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். வீல் சிலிண்டர்கள் உட்புறம் துருப்பிடித்து ஒழுகுவது இங்கே சாதாரணம் என்பதால், மாற்றும்போது டிரம்மையும் கழற்றிப் பாருங்கள்.

அம்பாசடருக்கு 15 அங்குல டயர், பத்மினிக்கு 14 அங்குலம். பட்டன் தேயவில்லை என்பதால் டயர் நல்லது என்று எண்ணாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பத்து ஆண்டு கடந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். இருக்கைப் பட்டை இல்லாத காலத்து வண்டி என்றால் முன் இருக்கைகளுக்கேனும் பட்டை பொருத்திவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காக மூல வடிவம் கெடுகிறது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

மெக்கானிக்கும் உதிரிபாகமும் எங்கே கிடைப்பார்கள், கிடைக்கும்?

பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டின் இடைவெளியைத் தகட்டளவியால் பார்த்து வைக்கத் தெரிந்தவரே உங்களுக்கு வேண்டிய மெக்கானிக். இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் டாக்சி ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் கைகாட்டும் பட்டறைக்குப் பலகைகூட இருக்காது. அவரிடம் வேலை நடக்கும் நாளில் நீங்களும் கூடவே இருந்து, கிரீஸ் அடிப்பது, பாயிண்ட் வைப்பது, பிளக் துடைப்பது, கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவது ஆகிய நான்கையும் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போவதற்கு நம்மைப் போன்றவர்களை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

புதிய பாகங்களுக்கு மதுரைக் கடைகளும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் உண்டு. கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்லி வாங்கிவந்த பாகம் பாதி முறை பொருந்தாது.

வளைகுடாவில் வேலை செய்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவேன். வைத்துக்கொள்ள முடியுமா?

கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மச்சானோ தம்பியோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை முப்பது கிலோமீட்டர் ஓட்ட ஒப்புக்கொண்டால் முடியும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் நன்மை இல்லை, தீமையே அதிகம். முழுச் சூடு ஏறாத என்ஜினில் ஆயிலோடு நீர் கலந்து தங்கிவிடும், சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ஓட்ட ஆளில்லை என்றால் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வண்டியைக் கட்டைகளின் மேல் ஏற்றி டயரின் பாரத்தை இறக்குங்கள். கிளட்ச் பெடலை ஒரு குச்சியால் அழுத்தி முட்டுக் கொடுத்தால் தட்டு ஒட்டிக்கொள்ளாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பிவரும்போது டிரம்மோடு ஷூ ஒட்டியிருக்கும்.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாமா?

கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது விதிமீறல்; விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது. உறவினர் வீட்டு மாப்பிள்ளையை அன்புக்காக ஏற்றிச் செல்வது வேறு.

தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓட்டிச் செல்லலாமா?

போய்வாருங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் நாள் திறக்கும்வரை தீவுக்குச் சாலையே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. என் வண்டி உத்தர்பாராவிலிருந்து வெளிவந்த நாளில் அதனால் எட்ட முடியாத ஓர் இடத்துக்கு இன்று அதையே ஓட்டிச் செல்கிறோம் என்ற எண்ணம், பாலத்தின் உச்சியில் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

காற்று அடங்கியிருக்கும் காலையில் போங்கள். மாசி, பங்குனி ஏற்ற மாதங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், மணலில் சக்கரத்தை இறக்காதீர்கள், சாலையோரத்தில் அலைத்திவலை தெறிக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வீடு திரும்பியதும் சாப்பிட உட்காருவதற்கு முன்பே, நான்கு மட்கார்டுகளின் உட்புறத்துக்கும் தரைக்கும் ஆளுக்கொரு குடமாக ஐந்து குடம் மழைத்தண்ணீரைத் தெளிப்பானால் அடியுங்கள். அதன் பிறகு வண்டியைக் கொட்டகைக்குள் விடாமல், காற்று படும்படி முற்றத்தில் நிறுத்தி, நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். மறுநாள் காலையில் தரை விரிப்பின் அடியில் கை வைத்துப் பார்த்து, முழுவதும் உலர்ந்த பிறகு உள்ளே நிறுத்துங்கள்.